பினாங்கு ஃபார்குவார் தெருப் பள்ளிக் கட்டடமும் தமிழ்க்கல்வியின் தொடக்கமும்

முன்னுரை

மலேசியத் தமிழ்க்கல்வியின் வரலாற்றை எழுதுவோர் அனைவரும் 1816ஆம் ஆண்டிலிருந்தே தொடங்குவர். அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள் நிறுவப்பெற்ற பினாங்கு ஃபிரீ ஸ்கூலே அதற்குக் காரணம். இதனை அடிப்படையாகக் கொண்டு 2016ஆம் ஆண்டில் தமிழ்க்கல்வியின் 200ஆம் ஆண்டு நிறைவு நாடெங்கும் கொண்டாடப்பட்டது. ஜோர்ஜ் டவுன் ஃபார்குவார் தெருவில் உள்ள அப்பள்ளியின் பழைய கட்டடத்தைத் தமிழ்க்கல்வி பிறந்த இடமாகச் சுட்டும் எண்ணம் எளிதில் எழக்கூடியது. கட்டடத்தின் வரலாறு, பள்ளியின் வரலாறு, தமிழ் வகுப்பின் வரலாறு ஆகிய மூன்றையும் தனித்தனியே பிரித்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பள்ளியின் தோற்றம்

பிரான்சிஸ் லைட் 1786இல் பினாங்கில் குடியேற்றத்தை நிறுவியபின், முப்பது ஆண்டுகளில் அத்தீவு பல இனத்தாரும் கூடிய துறைமுகமாக வளர்ந்தது. தமிழ் முஸ்லிம் வணிகரான சூலியர் அங்கு முன்னணியில் இருந்தனர். 1801இல் நிறுவப்பட்ட கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும், அவர்தம் பெயர் தாங்கிய சூலியா தெருவும் அதற்குச் சான்றுகள். இச்சூழலில் ஆங்கிலிக்கத் திருச்சபையின் குருவாகப் பணியாற்றிய ராபர்ட் ஸ்பார்க் ஹட்சிங்ஸ் என்பார் ஒரு பள்ளிக்கான திட்டத்தை முன்வைத்தார். இவர் மலாய்மொழி கற்றவர். விவிலியத்தின் மலாய் மொழிபெயர்ப்பைத் திருத்தும் பணியிலும் ஈடுபட்டவர்.

பள்ளியின் பெயரிலுள்ள 'ஃபிரீ' என்னும் சொல்லைத் தமிழில் 'இலவசம்' எனப் பெயர்ப்பது பொருளைக் குறுக்கிவிடுகிறது. இன, சமய வேறுபாடின்றி எவர்க்கும் திறந்த பள்ளி என்பதே அப்பள்ளியின் மரபு தரும் விளக்கம். ஆதலின் 'பொதுப்பள்ளி' என்பது பொருத்தமான பெயர்ப்பாகும் என நாம் கருதுகிறோம். எச்சமயத்தாரின் உணர்வும் புண்படலாகாது என்பது தொடக்கத் திட்டத்திலேயே இடம்பெற்ற நெறியாகும்.

கட்டடத்தின் வரலாறு

பள்ளி முதன்முதலில் தொடங்கியது ஃபார்குவார் தெருவில் அன்று. லவ் லேன் பகுதியிலிருந்த ஒரு வாடகை வீட்டிலாகும். 1821இல்தான் அது ஃபார்குவார் தெருவிற்கு இடம்பெயர்ந்தது. 1818இல் கட்டப்பட்ட புனித ஜோர்ஜ் தேவாலயம் அதன் அண்மையில் இருந்தது.

இன்று நாம் காணும் கட்டடமோ அதற்கும் பிற்பட்டது. அது 1896, 1906 ஆகிய ஆண்டுகளில் இரு கட்டங்களாக எழுப்பப்பட்ட ஈரடுக்குக் கட்டடமாகும். மஞ்சூரியக் கொள்ளைநோயை 1910, 1911ஆம் ஆண்டுகளில் கட்டுப்படுத்திப் புகழ்பெற்ற மருத்துவர் வூ லியன் தே, 1896இலேயே அரசியார் உதவிச்சம்பளம் பெற்றவர். எனவே அவர்தம் பள்ளிப்படிப்பு பெரும்பாலும் இக்கட்டடத்திற்கு முற்பட்ட காலத்ததாகும். மலேசியாவின் முதற் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் பயின்றபொழுதோ இரு பகுதிகளும் முழுமையாக நின்றன.

1928இல் பினாங்கு ஃபிரீ ஸ்கூல் கிரீன் லேன் வளாகத்திற்குப் பெயர்ந்தது. பழைய கட்டடம் நிறுவனரின் பெயரால் ஹட்சிங்ஸ் பள்ளியாயிற்று. இரண்டாம் உலகப்போர்க் காலக் குண்டுவீச்சில் அதன் ஒரு பாதி அழிந்தது. எஞ்சிய பாதி 1965இல் பினாங்கு மாநில அருங்காட்சியகமாக ஆக்கப்பட்டது. 2008இல் ஜோர்ஜ் டவுன் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

இதனால் ஒன்று தெளிவாகிறது. நிற்கும் சுவர்களில் எதுவும் 1896க்கு முற்பட்டதன்று. 1816ஆம் ஆண்டுத் திட்டத்திற்கும் இச்சுவர்களுக்கும் இடையே எண்பது ஆண்டுகள் உள்ளன.

தமிழ் வகுப்பு

அங்ஙனமாயின் தமிழுக்கும் இப்பள்ளிக்கும் உள்ள தொடர்பு யாது? தாய்மொழியில் பயில விரும்பும் மலாய், சீன, சூலியப் பிள்ளைகளுக்கு உரிய ஆசிரியர்களைக் கொண்டு அவ்வம்மொழியிலேயே கற்பிக்கத் தொடக்கத் திட்டம் இடமளித்தது. மலாயாவில் முறைசார்ந்த பள்ளியொன்றின் அமைப்பிலேயே தமிழுக்கு இடம் வகுக்கப்பட்டமையால் இது குறிப்பிடத்தக்கது. ஆயின் அங்கு நடைபெற்ற தமிழ் வகுப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. போதிய மாணவர் இன்மையே அதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது.

மாணவர் ஏன் வரவில்லை என்பதே நாம் ஆராய வேண்டிய வினா. அக்காலத் தமிழருள் பலர் குடும்பத்தை ஊரில் விட்டுப் பருவந்தோறும் வந்துசென்ற ஆடவர். இங்கேயே தங்கிய சூலியர் பலர் உள்ளூர்ப் பெண்களை மணந்தனர். ஜாவிப் பெரனாக்கான் எனப்பட்ட அவர்தம் வழியினரின் இல்லமொழி மலாயாயிற்று. அரசு அலுவலகத்திலும் வணிக நிலையத்திலும் எழுத்தர் பணிக்கு ஆங்கிலமே வாயிலாக இருந்தது. தமிழ் வகுப்பு தேவைப்படும் பிள்ளைகள் பள்ளியருகே மிகுதியாக இல்லை. இருந்தோர்க்கும் அது பிழைப்பிற்கு வழிகாட்டவில்லை. தமிழ்க் குடும்பங்கள் பெருமளவில் வந்து குடியேறியது பின்னர்த் தோட்டங்களில்தான். கூட்டு மலாய் மாநிலங்களின் 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு தோட்டப்பள்ளிகளுக்கு வழிவகுத்ததும் அப்பின்னணியிலேயாகும்.

ஆகவே 1816இன் வகுப்பிலிருந்து இன்றைய தமிழ்ப்பள்ளிகள்வரை அறுபடாத ஒரே கோடு வரைதல் இயலாது. பினாங்கு மாநிலத்தின் 28 தமிழ்ப்பள்ளிகள் அவ்வகுப்பின் நேர் வழித்தோன்றல்கள் அல்ல. தோட்டத் தொழிலாளரும் சமயப் பணியாளரும் ஊர்ப் பெரியோரும் வெவ்வேறு காலங்களில் இட்ட அடித்தளங்களின்மீதே மலேசியத் தமிழ்ப்பள்ளிகள் வளர்ந்தன.

முடிவுரை

இம்முடிவு 1816ஆம் ஆண்டின் சிறப்பைக் குறைப்பதாகாது. பல இனத்தார் பயிலும் பொதுப்பள்ளியில் தமிழுக்கும் உரிமை உண்டு என்னும் கருத்து அவ்வாண்டில் எழுத்துவடிவம் பெற்றது. அக்கருத்து நிலைபெறாமற் போனதும் வரலாற்றின் பகுதியே. மாணவர்க்கு ஃபார்குவார் தெருக் கட்டடத்தைக் காட்டும் ஆசிரியர், முதல் தமிழ் வகுப்பு இங்கேதான் நடந்தது என்று கூறுதல் தகாது. தமிழுக்கு இடமளித்த ஒரு பள்ளியின் பிற்காலக் கட்டடம் இது, அவ்விடத்தை நிரப்ப அன்று போதிய பிள்ளைகள் வரவில்லை என்று கூறுவதே உண்மை. மாணவர் எண்ணிக்கை குறைந்துவரும் தமிழ்ப்பள்ளிகளைப் பற்றி நாம் கவலையுறும் இந்நாளில், அவ்வுண்மை நம் மாணவர்க்கும் பெற்றோர்க்கும் கூடுதற்பயன் தரும்.