அச்சு முறுக்கு சொல்லும் வரலாறு



வரலாறு என்றவுடன் மன்னர்களும் போர்களுமே நம் மாணவர்களின் நினைவுக்கு வருகின்றனர். தீபாவளிக்கு நாம் எடுக்கும் அச்சு முறுக்கு அச்சும் ஒரு வரலாற்றுச் சான்றே என்பது என் கருத்து. பூவடிவில் வார்த்த பித்தளையும் அதைப் பிடித்துக்கொள்ள ஒரு நீண்ட கம்பியும் கொண்ட எளிய கருவி அது.

நம் அசாம் ஜாவா வட்டாரம் தோட்டங்களால் வளர்ந்தது. மலாயாவில் வணிக நோக்கிலான முதல் செம்பனைத் தோட்டம் 1917இல் இதே கோலசிலாங்கூர் மாவட்டத்தின் தென்னமரம் தோட்டத்தில்தான் உருவானது. ரப்பருக்கும் செம்பனைக்கும் உழைக்கத் தமிழகத்திலிருந்து மக்கள் கப்பலேறி வந்தனர். 1938இல் இந்திய அரசு அந்த ஆள்சேர்ப்பைத் தடை செய்தது. இங்கேயே தங்கியவர்களின் லயங்களில் ஊர்ப் பலகாரங்களும் வேரூன்றின.

ஆயினும், அச்சு முறுக்கு நமக்கு மட்டுமே உரியதன்று. மலாய்க்காரர்கள் இதனைக் 'குவே லோயாங்' என்பர். லோயாங் என்றால் பித்தளை. நோன்புப் பெருநாளுக்கு அவர்களும், சீனப் புத்தாண்டுக்குச் சீனர்களும் இதனைச் செய்கின்றனர். கேரளத்தில் இது அச்சப்பம். இலங்கையில் சித்திரைப் புத்தாண்டுக்குச் செய்யும் கொக்கிஸ், டச்சு மொழிச் சொல்லிலிருந்து பெயர் பெற்றது. சுவீடன், நார்வே நாடுகளிலும் கிறிஸ்துமஸ் காலத்தில் இத்தகைய அச்சைக் கோதுமை மாவுக் கரைசலில் தோய்த்துப் பொரிக்கின்றனர். கடல்வழி வணிகம் இணைத்த உலகத்தை ஒரு பலகாரத்தின் துணையோடு மாணவர்களுக்கு விளக்கலாம் அல்லவா?

செய்முறையும் ஒரு பாடமே. பச்சரிசி மாவைச் சலித்து, தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை, எள் சேர்த்துக் கரைக்க வேண்டும். அச்சு எண்ணெயில் சூடேறியிருந்தால்தான் மாவு ஒட்டும். சூடு மிகுந்தால் நழுவிவிடும். அச்சின் மேல்விளிம்பு வரை மாவில் அமிழ்த்தினால் முறுக்கு கழலாது. முக்கால் பங்கு மட்டுமே தோய்க்க வேண்டும். இதற்குக் கடிகாரமோ அளவுகோலோ இல்லை. 'பதம்' என்பதற்குச் சொல் என்ற பொருளை மட்டுமே இலக்கண வகுப்பில் அறிந்த மாணவன், அதன் மற்றொரு பொருளை எண்ணெய்ச் சட்டியருகேதான் உணர்வான்.

லயத்தில் எல்லா வீட்டிலும் அச்சு இருந்ததில்லை. ஒரு வீட்டு அச்சு பல அடுப்புகளுக்குப் பயணம் செய்யும். ஒருவர் மாவிடிக்க, ஒருவர் சலிக்க, மூத்தவர் அச்சைப் பிடிப்பார். பிள்ளைகள் ஆறிய முறுக்கைத் தகரப் பேணியில் அடுக்குவர். பின்னாளில் தோட்டங்கள் பல மேம்பாட்டுக்காக விற்கப்பட்டன, லயங்கள் இடிக்கப்பட்டன, குடும்பங்கள் தாமான்களுக்குப் பிரிந்து சென்றன. முறுக்கு இன்று போத்தலில் கிடைக்கிறது. அதைச் சுற்றி நிகழ்ந்த பேச்சும் கூட்டுழைப்பும் கடையில் கிடைப்பதில்லை.

என் மாணவர்களுள் பலர் அச்சு முறுக்கை உண்டவர்கள். அச்சைக் கண்டவர்கள் சிலரே. எனவே பெற்றோர்களே, இவ்வாண்டு ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள். பாட்டியிடம் அச்சைக் கொடுத்துப் பிள்ளையை அருகில் அமர்த்துங்கள். ஆசிரியர்களே, அந்த அச்சு யாருடையது, எங்கு வாங்கியது, எந்தத் தோட்டத்தில் இருந்தது என்று மாணவர்களைக் கேட்டெழுதச் சொல்லுங்கள். சொல்லத் தெரிந்தவர்கள் நம்மிடையே இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும்.