தேவையற்ற துன்பம்: ஓர் அடைமொழியின் வரலாறு

கவிதையில் ஓர் அடைமொழி மிகையாக நின்றால் அதனைக் களைந்துவிடலாம், பாட்டு மெருகேறும். சட்டத்தில் நிற்கும் அடைமொழியோ அத்தகையதன்று. அதனை நீக்கினால் சட்டமே வேறாகிவிடும். 1960ஆம் ஆண்டு இந்திய நாடாளுமன்றம் இயற்றிய விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் முகப்பில் அப்படியோர் அடைமொழி நிற்கிறது. விலங்குகளுக்குத் 'தேவையற்ற' வலியோ துன்பமோ விளைவிப்பதைத் தடுப்பதே அச்சட்டத்தின் நோக்கம் என்கிறது அம்முகப்புரை. 'தேவையற்ற' என்னும் சொல்லை எடுத்துவிட்டால் எஞ்சுவது துறவியின் நோன்பாகும். அச்சொல் இருக்கும்வரை அது உழவரும் வணிகரும் அரசும் கையாளுகின்ற சட்டமாகும். தேவை எது, தேவையற்றது எது, அதனை அறுதியிடுபவர் யார் என்னும் மூன்று வினாக்களைச் சுற்றியே விலங்குகள்பால் மனிதர் நடந்துகொண்ட முறையின் அண்மைக்கால வரலாறு சுழன்று வந்திருக்கிறது.

அறநூல் இட்ட எல்லை

உயிரிரக்கம் தமிழ் மரபுக்குப் புதிதன்று. மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனையும், கன்றின் பொருட்டு மகனைத் தேர்க்காலிலிட்ட சோழனையும் தமிழ்க் குழந்தைகள் கதையாகக் கேட்டே வளர்கின்றனர். வேள்விக்கெனக் கட்டப்பட்டிருந்த பசுவை இரவில் அவிழ்த்துச் சென்று ஊராரின் பகையைத் தேடிக்கொண்ட ஆபுத்திரனை மணிமேகலை காட்டுகிறது. ஆயினும் அம்மரபை ஒருமுகமாக மட்டும் காண்பது நேர்மையாகாது. பாணர்க்கு ஊனும் கள்ளும் வழங்கிய வள்ளல்களைப் பாடுவதும் சங்க இலக்கியமே. புலால் மறுத்தலும் கொல்லாமையும் திருக்குறளில் இல்லறவியலில் இடம்பெறவில்லை. அவை துறவறவியலில் வைக்கப்பட்டுள்ளன. அனைவரும் போற்ற வேண்டிய அறமாயினும், அதனை முழுதும் கைக்கொள்வது எளிதன்று என்னும் தெளிவு அவ்வைப்பு முறையில் புலப்படுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவ்வெல்லையை விரிக்க முனைந்தவர் வள்ளலார். சீவகாருணியத்தைத் துறவியின் தனிநோன்பாக நிறுத்தாமல், பசித்தார்க்கு உணவிடும் பொதுப்பணியோடு பிணைத்தார். 1867இல் வடலூரில் தோன்றிய சத்திய தருமச்சாலை அப்பிணைப்பின் உருவம். எனினும் அறநூலும் அருளாளரும் மனச்சான்றை நோக்கியே பேசினர். வண்டிமாட்டின் கழுத்துப் புண்ணுக்காக ஒருவரை வழக்குமன்றத்தில் நிறுத்தும் எண்ணம் வேறொரு நிலத்திலிருந்து வந்து சேர்ந்தது.

இங்கிலாந்தும் 1890ஆம் ஆண்டுச் சட்டமும்

விலங்குகளால் சிந்திக்க இயலுமா, பேச இயலுமா என்பது வினாவன்று, அவற்றால் துன்புற இயலுமா என்பதே வினா என்னும் கருத்தை ஜெரமி பெந்தாம் 1789இல் வெளியிட்ட நூலின் அடிக்குறிப்பொன்றில் வைத்தார். அடிக்குறிப்பு சட்டமாக முப்பத்துமூன்று ஆண்டுகள் ஆயின. ரிச்சர்டு மார்ட்டின் முயற்சியால் 1822இல் நிறைவேறிய சட்டம் குதிரை, மாடு, ஆடு முதலிய கால்நடைகளை வதைப்பதைத் தண்டனைக்குரியதாக்கியது. 1824இல் இலண்டனில் விலங்குவதைத் தடுப்புச் சங்கம் நிறுவப்பட்டது. 1835இல் சேவற்சண்டையும், நாய்களை ஏவிக் கரடியையும் காளையையும் குதறவிடும் ஆட்டங்களும் தடைசெய்யப்பட்டன.

அத்தடைகள் யார்மீது விழுந்தன என்பது கருதத்தக்கது. சேவற்சண்டை தெருவோர மக்களின் களிப்பாகவும் இருந்தது. அது 1835இல் நின்றது. குதிரையேறி நாய்க்கூட்டத்தோடு நரியைத் துரத்தும் வேட்டை நிலக்கிழார்களின் களிப்பு. இங்கிலாந்தில் அதனைத் தடைசெய்யும் சட்டம் 2004இல்தான் பிறந்தது. இரண்டிற்கும் இடையே ஏறத்தாழ 170 ஆண்டுகள். நரியின் வலி சேவலின் வலியினும் குறைந்ததன்று. வேட்டையாடியவரின் செல்வாக்கே அவ்விடைவெளியை நீட்டித்தது.

அவ்வியக்கம் இந்தியாவுக்கு விரைவில் வந்தது. 1861இல் கல்கத்தாவில் கோல்ஸ்வொர்தி கிராண்ட் ஒரு வதைத்தடுப்புச் சங்கத்தைத் தொடங்கினார். 1890இல் நாடு தழுவிய சட்டம் ஒன்று வந்தது. அதன் குறைகளைப் பிற்காலச் சட்டத்தின் விளக்கவுரையே தொகுத்துரைக்கிறது: அது நகர எல்லைகளுக்குள் மட்டும் செல்லுபடியாயிற்று, வீட்டு விலங்கும் பிடிபட்ட விலங்கும் மட்டுமே அதன் நோக்கில் 'விலங்கு'. ஆகவே நகரத் தெருவில் பாரம் மிகுதியாக ஏற்றிய வண்டிக்காரர் தண்டம் கட்டினார். காட்டில் புலியைச் சுட்டு, அதன் உடல்மீது காலூன்றி நிழற்படம் எடுத்துக்கொண்ட துரைமாரையும் குறுநில மன்னரையும் அச்சட்டம் தொடவில்லை. காட்டுவிலங்கு அதன் பார்வையில் விலங்கே அன்று.

ருக்மிணி தேவியின் மசோதா

அக்குறையைக் களைய முனைந்தவர் ஒரு கலைஞர் என்பது இலக்கிய அன்பர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. 1904இல் மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேலைப் பரதநாட்டிய மறுமலர்ச்சியோடும் 1936இல் தொடங்கிய கலாக்ஷேத்திராவோடும் மட்டுமே பலர் இணைத்துப் பேசுகின்றனர். 1952இல் மாநிலங்களவையின் நியமன உறுப்பினரான அவர், கலைக்கெனக் கிடைத்த அவ்விருக்கையிலிருந்து விலங்குகளுக்காகப் பேசினார். 1953இல் தனிநபர் மசோதா ஒன்றைக் கொணர்ந்தார். 1954இல் அதன்மீது விவாதம் நடந்தபோது தலைமை அமைச்சர் நேரு குறுக்கிட்டு, மசோதாவின் நோக்கத்தில் தமக்கும் உடன்பாடே என்றும், அரசு குழு அமைத்து ஆராய்ந்து விரிவான சட்டம் கொணரும் என்றும் உறுதியளித்தார். ருக்மிணி தேவி மசோதாவைத் திரும்பப் பெற்றார். அரசின் வாக்குறுதி 1960இல் சட்டமாயிற்று. அச்சட்டத்தின்கீழ் 1962இல் விலங்குகள் நல வாரியம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்தது. 1986இல் மறையும்வரை அவரே அதன் தலைவர்.

புதிய சட்டம், மனிதர் நீங்கலாக உயிருள்ள எதனையும் விலங்கு என வரையறுத்தது. எழுபதாண்டு கழித்துக் காட்டுவிலங்கும் விலங்காயிற்று. வதைச் செயல்கள் நீண்ட பட்டியலாக வகுக்கப்பட்டன. ஆனால் அப்பட்டியலை அடுத்தே விலக்குகளும் நின்றன. கொம்பு நீக்கல், காயடித்தல், சூட்டுக்குறியிடல், மூக்கணாங்கயிறு கோத்தல் ஆகியவை உரிய முறைப்படி செய்யப்படின் குற்றமாகா. உணவுக்கெனக் கொல்வது தேவையற்ற துன்பம் சேராதவரை குற்றமாகாது. சமயநெறி வேண்டும் முறையில் கொல்வதும் குற்றமாகாது. வதைச் செயலுக்கு முதன்முறை விதிக்கப்படும் தண்டம் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய்க்கு மேற்படாமல் அமைந்தது. அறுபதாண்டு கடந்தும் அத்தொகை உயரவில்லை. ஒரு தேநீர்க் கடையில் நால்வர் அருந்தும் தேநீரின் விலைக்கு அது சுருங்கிவிட்டது.

குரங்கும் தவளையும் பாம்பும்

'தேவை' என்னும் சொல் எவ்வளவு கனமானது என்பதற்குச் செம்முகக் குரங்கின் கதை சான்று. இளம்பிள்ளைவாதத் தடுப்பூசி உருவானபோது அதனை வளர்க்கக் குரங்கின் சிறுநீரக உயிரணுக்கள் வேண்டியிருந்தன. 1950களின் பிற்பகுதியில் ஆண்டுதோறும் இலட்சத்திற்கும் மேற்பட்ட குரங்குகள் இந்தியாவிலிருந்து கடல் கடந்தன. அத்தடுப்பூசி எண்ணற்ற குழந்தைகளை முடக்கத்திலிருந்து காத்தது. இத்தேவையை எளிதில் இகழ்ந்துவிட எவராலும் இயலாது. ஆயின் மருத்துவத்திற்கு மட்டும் என்னும் உடன்பாட்டின்பேரில் அனுப்பப்பட்ட குரங்குகள் அமெரிக்காவில் அணுக்கதிர்வீச்சு ஆய்வுகளுக்கும் ஆட்படுத்தப்பட்டமை 1970களில் வெளிப்பட்டது. 1978இல் மொரார்ஜி தேசாயின் அரசு ஏற்றுமதியை முற்றிலும் நிறுத்தியது. குழந்தைக்காக இசைந்த தேவை, போர்க்கருவிக்கும் தன் வாயிலைத் திறந்துவிட்டிருந்தது. ஏற்றுமதி நின்றதால் மருத்துவம் நின்றுவிடவுமில்லை. ஆய்வகத்திலேயே தொடர்ந்து பெருகும் உயிரணு வரிசைகளில் தடுப்பூசி வளர்க்கும் முறை வேரூன்றியது.

தவளையின் கதை சுருக்கமானது. அயல்நாட்டு உணவுமேசைக்காக வயல்களிலிருந்து தவளைகள் அள்ளப்பட்டன. உயிரோடிருக்கும்போதே கால்கள் வெட்டப்பட்டன. அந்நியச் செலாவணி என்பதே அங்குச் சொல்லப்பட்ட தேவை. பூச்சி உண்ணும் தவளை குறைய, வயலில் பூச்சிக்கொல்லி மிகுந்தது என்னும் எதிர்ப்பும் வலுத்தது. 1987இல் அவ்வேற்றுமதி தடைசெய்யப்பட்டது.

தடை மட்டுமே தீர்வாகாது என்பதற்குச் செங்கற்பட்டுப் பகுதி இருளர் வாழ்வு சான்றாகும். பாம்புத்தோல் வணிகத்திற்காகப் பாம்பு பிடித்த அம்மக்கள், 1970களில் அவ்வணிகம் தடைப்பட்டபோது பிழைப்பிழந்தனர். 1978இல் உருவான இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் அவர்தம் அறிவையே புதுவழியில் திருப்பியது. பாம்பைப் பிடித்து, நஞ்சை எடுத்து, மீண்டும் காட்டில் விடுவது. அந்நஞ்சிலிருந்து பாம்புக்கடி மருந்து பிறப்பது. பாம்பும் பிழைத்தது, பிடித்தவரும் பிழைத்தனர், கடியுண்டவரும் பிழைத்தனர். தேவையை மறுக்காமல் துன்பத்தை மட்டும் குறைக்க இயலும் என்பதை எழுத்தறியாதோர் பலர் கூடிய ஒரு சங்கம் செய்து காட்டியது.

காளையும் கோழியும்

2014 மே 7ஆம் நாள் உச்சநீதிமன்றம் ஏ. நாகராஜா வழக்கில் சல்லிக்கட்டைத் தடைசெய்தது. கேளிக்கையும் காட்சியும் 'தேவை' என்னும் கோட்பாட்டின்கீழ் அடங்கா என்பது அத்தீர்ப்பின் வாதங்களுள் ஒன்று. முல்லைக்கலியில் பாடப்பெற்ற ஏறுதழுவலின் வழிவந்த விழா இது, நாட்டு மாட்டினங்கள் நிலைக்கவும் இதுவே துணை என்பது எதிர்வாதம். 2017 சனவரியில் மெரினாக் கடற்கரையில் திரண்ட இளைஞர் கூட்டத்தை அடுத்து மாநில அரசு சட்டத்திருத்தம் செய்தது. 2023 மே 18ஆம் நாள் அரசியல் சாசன அமர்வு அத்திருத்தம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. எத்தரப்பு சரி என்பதில் தமிழரிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஒன்று மட்டும் உறுதி: காளைக்கு இருதரப்பிலும் வழக்குரைஞர் இருந்தனர், கவிஞரும் இருந்தனர்.

அதே 2017இன் சூலையில் இந்தியச் சட்ட ஆணையம் தன் 269ஆம் அறிக்கையை அளித்தது. முட்டைக்கோழி, இறைச்சிக்கோழி ஆகியவற்றை அடைத்து வைக்கும் முறையும் ஏற்றிச் செல்லும் முறையும் அதன் பொருள். அதற்காக எந்தக் கடற்கரையிலும் எவரும் கூடவில்லை. விலங்கு இயல்பாக அசைய இடமில்லாத கூண்டில் அதனை அடைப்பது குற்றம் என 1960ஆம் ஆண்டுச் சட்டம் வெளிப்படையாகவே கூறியிருந்தது. ஆயினும் அதன்பின்தான் நாமக்கல் முதலிய இடங்களில் கம்பிக் கூண்டு முறை பல்கிப் பெருகியது. பல பண்ணைகளில் ஒரு கோழிக்கு வாய்த்த இடம் ஏறத்தாழ 450 சதுர செ.மீ. கவிஞர் பாட்டெழுதும் ஏ4 தாளின் பரப்பு ஏறத்தாழ 624 சதுர செ.மீ. சிறகு விரிக்கவும் மண்ணைக் கிளறவும் மறந்த பறவை அத்தாளினும் சிறிய இடத்தில் தன் வாழ்நாளைக் கழித்தது. 2023இல் வெளிவந்த விதிகள் அவ்விடத்தை 550 சதுர செ.மீ. என உயர்த்தின. அதுவும் அத்தாளை எட்டவில்லை.

இங்கும் தேவை பொய்யன்று. 1982இல் விரிவாக்கப்பெற்ற சத்துணவுத் திட்டத்தில் 1989 முதல் முட்டை சேர்ந்தது. ஏழைப் பிள்ளையின் தட்டிலுள்ள அம்முட்டையை இகழ்ந்து உயிரிரக்கம் பேசுவது வள்ளலார் காட்டிய வழியன்று. ஆயின் தேவைப்படுவது முட்டை. அக்கூண்டின் குறுக்கம் தேவைப்படுவது மலிவுக்கும் ஆதாயத்திற்கும். இவ்விரண்டையும் ஒன்றாகக் கட்டி 'தேவை' என்று பெயரிடும்போதுதான் சொல் பிழைபடுகிறது. 1999இல் ஐரோப்பிய ஒன்றியம் அம்முடிச்சை அவிழ்க்கத் துணிந்தது. 2012 முதல் பழைய வகைக் கூண்டுகள் அங்குச் சட்டப்படி விலக்கப்பட்டன. முட்டை மேசையை விட்டு நீங்கிவிடவில்லை.

வரலாறு காட்டும் முறை இதுதான்: தேவை என்று ஒரு தலைமுறை உறுதியாக நம்பியது, தடுக்கப்பட்டபின் பழக்கம் மட்டுமே எனப் புலப்படுகிறது. தெருவில் நிகழும் வதை விரைவில் கண்ணிற்படுகிறது. ஏழையின் கைப்பிழை விரைவில் தண்டம் பெறுகிறது. மதிலுக்குள், கணக்கேட்டுக்குள், பல்லாயிரம் உயிர்களுக்கு ஒருசேர நிகழ்வது சட்டத்தின் கண்ணுக்கும் பாட்டின் கண்ணுக்கும் எளிதில் தென்படுவதில்லை. மயிலையும் காளையையும் யானையையும் பாடிய தமிழ், கூண்டுக்கோழியை இன்னும் போதிய அளவு பாடவில்லை. அழகில்லாத துன்பம் பாடுபொருளாவது அரிது. ஆயினும் சொல்லை எடைபோடுவது கவிஞரின் தொழில். சட்டத்தின் முகப்பில் நிற்கும் அந்த ஒரு சொல்லையும் அவர்கள் எடைபோட்டுப் பார்க்கலாம். ருக்மிணி தேவி என்னும் கலைஞர் மாநிலங்களவையில் தொடங்கிவைத்த பணி அதுவே.