ஜொகூர் வேடரின் நஞ்சும் தசையின் சவ்வும்

மலாயாக் காடுகளின் ஊதுகுழல் வேட்டையைப் பற்றி எழுதுபவர்கள், அம்பில் தடவிய நஞ்சை அமேசானின் குராரேயோடு சேர்த்து, 'தசையை முடக்கும் விஷம்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அது பிழை. எண்டாவ் ஆற்றோரத்து ஜக்குன் மக்களின் முன்னோரை, 'ஓராங் பினுவா' என்ற பெயரில் ஜே. ஆர். லோகன் 1847இல் பதிவு செய்தார். அந்தக் காடுகளில் அம்பு நுனியில் ஏறிய, 'இப்போ' என்னும் மரத்தின் பால் தாக்கியது வேறோர் இடத்தை. கைகால் தசை சுருங்க, நரம்பின் நுனி அசிட்டைல்கோலினை வெளியிட வேண்டும். தசைச் செல்லின் சவ்வில் பதிந்த ஏற்பிப் புரதம் அதைப் பிடித்ததும் திறந்து சோடியத்தை உள்ளே விடுகிறது. அதிலெழும் மின்துடிப்பால் செல்லுக்குள் சேமித்திருந்த கால்சியம் விடுபட்டுத் தசை சுருங்குகிறது. குராரே அந்த ஏற்பியில் தான் போய் உட்கார்ந்துகொள்ளும். தசை தளரும், மூச்சு நிற்கும். பலாவின் குடும்பத்தைச் சேர்ந்த இப்போ மரத்தின் நஞ்சான ஆன்டியாரினோ இதயத் தசைச் சவ்விலுள்ள சோடியம்-பொட்டாசியம் பம்பை நிறுத்துகிறது. உள்ளே சோடியம் தேங்க, கால்சியமும் பெருகி, இதயம் தாளம் தப்பி அடங்கிவிடும்.

சில இடங்களில் நம் எட்டி மரத்தின் உறவான ஸ்ட்ரிக்னோஸ் கொடியும் நஞ்சில் சேர்ந்தது. குராரே தரும் கொடிகளில் சிலவும் இதே பேரினம்தான். ஆனால் எட்டியிலுள்ள ஸ்ட்ரிக்னின் தண்டுவடத்தின் கிளைசின் ஏற்பியை அடைத்துத் தசைகளை விறைக்க வைக்கும். தளர்ச்சிக்கு நேர் எதிர்!

வேடருக்கு ஏற்பி தெரியுமா, இது வெறும் பட்டறிவுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, விலங்கு ஏன் சாகிறது என்று அவர்கள் சோதித்ததற்குப் பதிவில்லை. ஆனால் 1905இல் தசையில் 'ஏற்கும் பொருள்' ஒன்று இருக்க வேண்டும் என்று கேம்பிரிட்ஜின் லாங்லி சொன்னபோது, அவரும் அதைக் கண்ணால் கண்டதில்லை. நிக்கோட்டினைக் குராரே தடுப்பதை வைத்தே ஊகித்தார். அந்தக் குராரே தென் அமெரிக்க வேடர்கள் காய்ச்சியது. அவருக்கு முன்பே, 1811இல், லண்டனில் பெஞ்சமின் பிராடி ஜாவாவிலிருந்து வந்த இப்போ மரத்தின் நஞ்சைச் சோதித்து, அது இதயத்தைத்தான் நிறுத்துகிறது என்று காட்டியிருந்தார். ஆகவே தசையியலின் வரலாற்றில் வேடரை வெறும் சரக்குக் கொடுத்தவர்களாக ஒதுக்குவது சரியல்ல. எந்த மரம், எவ்வளவு, எப்படிக் காய்ச்சுவது என்று தேர்ந்ததும் அறிவுதான். இப்போ மர நஞ்சு தாக்கும் பம்பை டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கோ 1957இல்தான் கண்டறிந்தார்; 1997இல் வேதியியல் நோபல் பரிசில் பாதி அவருக்குக் கிடைத்தது.