நிறைவேறினால் சேமிப்பில்லாத நிபந்தனை: மெடிக்கெய்ட் வெட்டின் அரசியல்

2025 ஜூலை 4 அன்று அமெரிக்க அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட வரி, செலவினச் சட்டம், ஏழைகளுக்கான பொது மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டில் முதன்முறையாக நாடு தழுவிய பணி நிபந்தனையைப் புகுத்தியது. 2010ஆம் ஆண்டு ஒபாமா காலச் சட்டத்தின் விரிவாக்கத்தால் காப்பீடு பெற்ற 19 முதல் 64 வயதினர், விலக்குப் பெற்றோர் நீங்கலாக, மாதம் 80 மணி நேரம் வேலையிலோ படிப்பிலோ தொண்டிலோ ஈடுபட்டதை மெய்ப்பிக்க வேண்டும். உழைக்க முடிந்தவர் உழைக்கட்டும் என்கிறது குடியரசுக் கட்சி. இது ஏழைகள் மீதான கொடுமை என்கிறது சனநாயகக் கட்சி. இந்த அறவாதத்தில் கவனிக்கப்படாமல் போனது சட்டத்தின் வரவுசெலவுக் கணக்கு.

நிபந்தனைக்கு உட்பட்ட அனைவரும் அதை நிறைவேற்றி, உரிய காலத்தில் சான்றும் கொடுத்துவிட்டார்கள் என்று கொள்வோம். அப்போது அரசு மிச்சம் பிடிப்பது ஏறத்தாழ ஒன்றுமில்லை. சரிபார்ப்புச் செலவுதான் கூடும். ஆனால் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசின் நிதிநிலை அலுவலகம் இந்த ஒரு பிரிவினால் பத்தாண்டுகளில் 30,000 கோடி டாலருக்கு மேல் மிஞ்சும் என்று மதிப்பிட்டது. சட்டம் முழுவதுமாக 2034இல் காப்பீடற்றோர் எண்ணிக்கையை ஏறத்தாழ ஒரு கோடி உயர்த்தும் என்றும், அதில் பாதியளவு பணி நிபந்தனையால் நேரும் என்றும் அதே அலுவலகம் கூறியது. அதாவது, நிபந்தனையை மக்கள் நிறைவேற்றத் தவறுவார்கள் என்ற எதிர்பார்ப்பே இதே சட்டம் தரும் வரிச்சலுகைகளுக்கு நிதி தேடித் தருகிறது.

வேலை கிடைத்து, வருமானம் உச்சவரம்பைத் தாண்டி வெளியேறுவோரால் சேமிப்பு வரக்கூடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு அர்க்கன்சாஸ் மாநிலத்தின் அனுபவம் உண்டு. அங்கு 2018 ஜூனில் இதே 80 மணி நேர விதி 30 முதல் 49 வயதினருக்கு நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் 18,000க்கும் மேற்பட்டோர் காப்பீட்டை இழந்தனர். வேலைவாய்ப்பு உயரவில்லை என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2019இல் கண்டறிந்தனர். இலக்கு வைக்கப்பட்டோரில் 95 விழுக்காட்டுக்கும் மேலானோர் ஏற்கெனவே விதியை நிறைவு செய்தவர்கள் அல்லது விலக்குக்கு உரியவர்கள். அவர்களில் பலரைத் தடுத்தது சோம்பலன்று, பதிவேற்றம். தொடக்கத்தில் இணையவழியில் மட்டுமே கணக்குக் காட்ட முடிந்தது. அந்த இணையதளமோ இரவு 9 மணிக்கு மூடி, காலை 7 மணிக்குத்தான் திறந்தது. பகலெல்லாம் உழைத்துவிட்டு வந்தவர் தாம் உழைத்ததை நிரூபிக்க வேண்டிய நேரம் எது என்று விதி வகுத்தவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

2019 மார்ச்சில் கூட்டாட்சி நீதிபதி ஜேம்ஸ் போஸ்பெர்க் அர்க்கன்சாஸ் திட்டத்துக்கான அனுமதியை ரத்துசெய்தார். மெடிக்கெய்டின் மைய நோக்கமான மருத்துவக் காப்பு வழங்கலை அது எப்படிப் பாதிக்கும் என்பதை அன்றைய டிரம்ப் நிர்வாகம் ஆராயவில்லை என்பது அவர் கூறிய காரணம். அன்று நிபந்தனை வந்தது, மாநிலத்துக்கு விதிகளிலிருந்து விலக்களிக்கும் நிர்வாகத் தளர்வாணை வழியாக. 2025இல் காங்கிரசே சட்டத்தில் எழுதிவிட்டதால் அந்த வழக்குவழி அடைபட்டுவிட்டது. இன்னொரு கதவும் அடைபட்டிருக்கிறது: நிபந்தனையில் தவறி மெடிக்கெய்டை இழப்பவர், தனியார் காப்பீட்டுச் சந்தையில் தரப்படும் பிரீமிய வரிச்சலுகைக்கும் தகுதியற்றவராகிறார். உழைப்பை ஊக்குவிப்பதே நோக்கமானால் இந்த இரண்டாம் தண்டனைக்கு விளக்கம் கிடையாது.

படிவத்தால் ஆளை நீக்குவது ஒரு கட்சியின் தனிச்சொத்தும் அன்று. பெருந்தொற்றுக் காலத்தில் எவரையும் நீக்காமல் காத்த ஏற்பாடு விலகிய 2023 ஏப்ரலுக்குப் பின், பைடன் ஆட்சியில் இரண்டரைக் கோடிப் பேர் வரை மெடிக்கெய்டிலிருந்து நீக்கப்பட்டனர். அவர்களில் மூன்றில் இரு பங்கினர் தகுதியின்மையால் அன்றி, நடைமுறைக் காரணங்களாலேயே பெயரிழந்தனர். அன்று அடங்கியே ஒலித்த எதிர்ப்புக் குரல்கள் இன்று உரத்துக் கேட்கின்றன.

2017இல் ஒபாமா காலச் சட்டத்தின் பகுதிகளை நேரடியாக ரத்துசெய்யும் முயற்சி, ஜான் மெக்கெய்ன் உள்ளிட்ட குடியரசுக் கட்சியினர் மூவர் கட்சி நிலைப்பாட்டை மீறி வாக்களித்ததால் செனட்டில் 49–51 என்று தோற்றது. 2025இல் அதே செனட்டில் துணை அதிபர் வான்சின் வாக்கால் 51–50 என்று வென்றது, எவரையும் பெயர் சொல்லி நீக்காத சட்டம். பணி நிபந்தனையை நடைமுறைப்படுத்த அது மாநிலங்களுக்குத் தந்துள்ள கெடு 2027 ஜனவரி 1. நாடாளுமன்ற இடைக்காலத் தேர்தலோ அதற்கு முன்பே, 2026 நவம்பரில். தகுதியில்லாமல் நீக்கப்பட்டவர் எத்தனை பேர், படிவம் சேராமல் நீக்கப்பட்டவர் எத்தனை பேர் என்பதை ஒவ்வொரு மாநிலமும் மாதந்தோறும் தனித்தனியே வெளியிட வேண்டும். பொதுநல ஆய்வாளர்கள் முதலில் கேட்க வேண்டியது இந்தப் பட்டியலைத்தான்.