ஃபெர்மா எண் 4,29,49,67,297

இரண்டின் 32ஆம் அடுக்கோடு ஒன்றைக் கூட்டினால் கிடைக்கும் எண் இது. அடுக்கு இரட்டித்துக்கொண்டே செல்லும் இவ்வரிசையில் இதற்கு முந்தைய 3, 5, 17, 257, 65,537 ஐந்தும் பகா எண்கள். ஆகவே வரிசை முழுவதும் அப்படியே என்று 17ஆம் நூற்றாண்டில் கணித அறிஞர் ஃபெர்மா நம்பினார். 1732இல் கணித அறிஞர் ஆய்லர் இந்த எண்ணை 641 × 67,00,417 என்று பிரித்துக் காட்டினார். ஓர் உறுப்பு தவறினால் கருத்தே வீழுமா என்று கேட்கலாம். எல்லா உறுப்புகளையும் பற்றிய கூற்றை வீழ்த்த ஒரு மறுப்பே போதும். இவ்வளவு பெரிய எண்ணுக்குக் காரணி கண்டது தற்செயல்தானே என்பதும் சரியாகாது. இதன் பகாக் காரணி எதுவும் 64இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகவே இருக்கும். அத்தகைய பகா எண்களில் 193, 257, 449, 577 கழிந்தால் அடுத்தது 641தான். அதைவிட அழகிய சான்றும் உண்டு: 641 என்பது 5 × 128 + 1, அதுவே 625 + 16. நீண்ட வகுத்தலே இல்லாமல், இவ்விரு வடிவங்களைக் கொண்டே வகுபடுதலை நிறுவிவிடலாம். இவ்வரிசையில் 65,537க்குப் பின் ஒரு பகா எண்கூட இதுவரை அகப்படவில்லை.