ஹம்லெட்டின் இறுதி இரவுகளும் ஒரு நினைவு விருதும்

‘காந்தி’ திரைப்படத்தைப் பார்த்தவர்களுக்கு, தீனபந்து சி.எவ்.அண்ட்ரூஸாகத் தோன்றிய இளம் பாதிரியாரை நினைவிருக்கலாம். 1982இல் வெளிவந்த அப்படத்தில் அப்பாத்திரத்தை ஏற்றவர் ஸ்கொட்லாந்துக் கலைஞர் இயன் சார்ள்சன். அதற்கு முந்திய ஆண்டில் வெளியான ‘சாரியட்ஸ் ஒஃப் ஃபயர்’ படத்தில், ஞாயிற்றுக்கிழமை ஓட மறுத்த ஒலிம்பிக் வீரர் எரிக் லிடெலாக நடித்துப் புகழ்பெற்றவரும் அவரே. எனினும், அவரது பெயரால் பிரித்தானியாவில் நிறுவப்பட்ட விருது திரைப்படத்துக்கு உரியதன்று, மேடைக்கு உரியது.

அதற்கான காரணம் 1989ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் உள்ளது. லண்டன் தேசிய அரங்கில் ரிச்சர்ட் அயரின் நெறியாள்கையில் ‘ஹம்லெட்’ மேடையேறிக்கொண்டிருந்தது. நாயகனாக நடித்த டானியல் டே-லூயிஸ், செப்டெம்பரில் ஒரு நாள் ஆற்றுகையின் நடுவிலேயே மேடையை விட்டு வெளியேறினார், திரும்பி வரவில்லை. அப்பாத்திரம் சார்ள்சனிடம் வந்தது.

சார்ள்சனுக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பது 1986இலேயே உறுதியாகியிருந்தது. நோயினால் முகம் வீங்கி, உடல் தளர்ந்திருந்த நிலையில், ஷேக்ஸ்பியர் படைத்த பாத்திரங்களில் மிக அதிகமான வரிகளைப் பேசவேண்டிய ஒன்றை அவர் ஏற்றார். மரணத்தைப் பற்றி ஹம்லெட் பேசியதை, மரணத்தின் வாசலில் நின்ற ஒருவர் பேசினார். நவம்பர் 13ஆம் திகதி அவர் இறுதியாக மேடையேறினார். 1990 ஜனவரி 6ஆம் திகதி, தமது 40ஆவது வயதில் காலமானார்.

அவ்வாண்டின் சிறந்த நடிகருக்கான ‘ஈவினிங் ஸ்ராண்டர்ட்’ விருதைப் பெற்ற இயன் மக்கெலன், அது உண்மையில் சார்ள்சனுக்கே உரியதெனக் கருதி, அச்சிலையை அவரிடமே கொடுத்துவிட்டார்.

தம் மரணத்தின் காரணத்தை மறைக்கவேண்டாமெனச் சார்ள்சன் கேட்டிருந்தார். அவ்வாறே, எயிட்ஸ் நோயினால் இறந்தார் என்று வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது. அந்நோயின் பெயரை உச்சரிக்கவே குடும்பங்கள் அஞ்சிய காலம் அது. லண்டன் றோயல் ஃபிரீ மருத்துவமனையின் எச்.ஐ.வி. சிகிச்சை நிலையம் பின்னர் அவர் பெயரைத் தாங்கியது.

அந்த ஹம்லெட்டைப் பார்த்து எழுதியவர்களுள் ஒருவர் ‘சண்டே டைம்ஸ்’ பத்திரிகையின் நாடக விமர்சகர் ஜோன் பீற்றர். 1956ஆம் ஆண்டு எழுச்சியின் பின்னர் ஹங்கேரியிலிருந்து அகதியாக வந்தவர் அவர். விமர்சனம் எழுதியதோடு அவர் நின்றுவிடவில்லை. அவருடைய முயற்சியால், அப்பத்திரிகையும் தேசிய அரங்கும் இணைந்து இயன் சார்ள்சன் விருதை உருவாக்கின. முதல் விருதுகள் 1991இல் வழங்கப்பட்டன.

இவ்விருதின் விதிகள் எளிமையானவை. நடிகர் 30 வயதுக்கு உட்பட்டவராக இருக்கவேண்டும். நடித்தது செவ்வியல் நாடகமாக இருக்கவேண்டும். ஷேக்ஸ்பியர் மட்டுமல்லர், இப்சனும் செக்கோவும் அதனுள் அடங்குவர். நாயகப் பாத்திரம்தான் வேண்டுமென்ற நிபந்தனை இல்லை. 1992ஆம் ஆண்டுக்கான விருதைப் பெற்ற டொம் ஹொலண்டர் ஏற்றது, ‘த வே ஒஃப் த வேர்ல்ட்’ நாடகத்தின் விற்வூட் என்ற நகைச்சுவைத் துணைப்பாத்திரமே. றோயல் ஷேக்ஸ்பியர் நாடகக் குழுவில் ஆறாம் ஹென்றி மன்னனாக நடித்த கறுப்பினக் கலைஞர் டேவிட் ஒயெலோவோவும், அதே குழுவில் 2018இல் ரோமியோவாக நடித்த பலி கில்லும் இவ்விருதைப் பெற்றவர்கள்.

மேடை நடிப்பு திரை விழுந்ததும் மறைந்துவிடும் கலை. சார்ள்சனின் அந்த ஹம்லெட், பார்த்தவர்களின் நினைவிலும் எழுதியவர்களின் பத்திகளிலும் மட்டுமே எஞ்சியது. அந்நினைவைச் சிலையாக்கி நிறுத்தாமல், இன்னும் பெயர் பெறாத இளையவர்களைத் தேடிச்செல்லும் கடமையாக மாற்றியவர் ஒரு பத்திரிகையாளர். எமது தொழிலில் இதனைவிடப் பயனுள்ள அஞ்சலி வேறில்லை.