தூக்கவும் வேண்டும், தரையில் படியவும் வேண்டும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருக்கும்போது படியுங்கள்.

கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் குடியிருக்கும் நம் பிள்ளைகள் சிலர், தோட்ட டிராக்டரின் முன்னால் ஸ்னோபுளோயரை மாட்டி வீட்டு வாசலில் பனி அள்ளுகிறார்கள். அதில் ஒருவர் கேட்டிருந்தார்: "சார், புளோயரைக் கைப்பிடியால் தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போகிறது. ஒரு ஸ்பிரிங் மாட்டினால் சரியாகுமா?"

சரியாகும். ஆனால் எவ்வளவு வலுவான ஸ்பிரிங் என்பதில்தான் சூட்சுமம். நூறு வருடங்களுக்கு முன்பே உழவு டிராக்டர் செய்தவர்கள் இதே கேள்வியோடு மல்லுக்கட்டினார்கள். அந்தக் கதையைச் சொன்னால் பதிலும் தானாக வந்துவிடும்.

பனியைப் பார்த்திராத நம் ஊர்க்காரர்களுக்கு முதலில் ஒரு விளக்கம். ஸ்னோபுளோயர் என்பது முன்பக்கம் திறந்த ஓர் இரும்புப் பெட்டி. உள்ளே திருகு போன்ற தகடு சுழன்று பனியை நடுவுக்கு இழுக்கும். பின்னால் சுழலும் விசிறி அதை ஒரு குழாய் வழியாகப் பக்கத்தில் தூர எறியும். பெட்டியின் அடிவிளிம்பு தரையை ஒட்டிச் சுரண்டிக்கொண்டே போக வேண்டும். வண்டியைத் திருப்பும்போதும், பின்னால் எடுக்கும்போதும், மேடு தாண்டும்போதும் பெட்டியைத் தூக்க வேண்டும். வாசலைச் சுத்தம் செய்து முடிப்பதற்குள் இருபது முப்பது தடவை தூக்கி இறக்க வேண்டியிருக்கும்.

சுழன்று பனியை எறியும் யோசனை முதலில் ரயிலுக்காகப் பிறந்தது. டொராண்டோவைச் சேர்ந்த ஜே. டபிள்யூ. எலியட் என்ற பல் மருத்துவர் 1869-இல் அப்படி ஒரு இயந்திரத்தை வடிவமைத்தார். 1880-களில் ஒண்டாரியோவின் ஆரஞ்ச்வில் ஊரைச் சேர்ந்த ஆரஞ்ச் ஜல் அதை மேம்படுத்தினார். லெஸ்லி சகோதரர்கள் அதைச் செய்து கொடுத்தார்கள். தண்டவாளத்தின் மேல் ஓடும் வண்டி என்பதால், ஓட்டுபவர் அந்தப் பெரிய பாரத்தைக் கையால் தூக்கி இறக்கும் பேச்சே அங்கு இல்லை.

சாலைக்கு அதைக் கொண்டுவந்தவர் கியூபெக் மாகாணத்தின் ஆர்தர் சிகார். விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. வயலில் ஓடிய இயந்திரத்தின் சுழலும் தகடுகளைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை வந்தது என்பார்கள். 1925-இல் ஒரு லாரியின் மேல் பனி வீசும் இயந்திரத்தைப் பொருத்தினார். 1927-இல் மாண்ட்ரியலை ஒட்டிய ஊட்ரமோன் நகராட்சி அதை வாங்கியது. பெரிய லாரி, பெரிய எஞ்சின், நகராட்சிப் பணம். அங்கும் யார் இடுப்பும் போகவில்லை.

இடுப்புப் பிரச்சினை தொடங்கியது உழவு டிராக்டரில். அதற்கு நாம் அயர்லாந்துக்குப் போக வேண்டும்.

ஹாரி ஃபெர்குசன், 1884-இல் கவுண்டி டவுன் பகுதியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 1909 டிசம்பர் 31 அன்று, தானே செய்த விமானத்தில் அயர்லாந்து மண்ணில் முதன்முதலாகப் பறந்தவர். முதல் உலகப் போர்க் காலத்தில் உணவுப் பஞ்சம் வந்துவிடக் கூடாதே என்று, டிராக்டர்கள் சரியாக வேலை செய்கின்றனவா என்று ஊர் ஊராகப் போய்ப் பார்க்கும் பொறுப்பை அரசு அவரிடம் கொடுத்தது. தன் உதவியாளர் வில்லி சாண்ட்ஸுடன் சுற்றினார்.

அவர் பார்த்தது என்ன? அன்றைய கலப்பை, டிராக்டருக்குப் பின்னால் கட்டி இழுக்கப்படும் தனி வண்டி. அதற்கென்று தனிச் சக்கரங்கள், ஏகப்பட்ட பாரம். கலப்பை கல்லில் மாட்டினால், பின்சக்கரம் நிலத்தில் பிடித்துக்கொள்ள, டிராக்டரின் முன்பக்கம் எழும்பி ஓட்டுபவர் மேலேயே கவிழ்ந்துவிடும் ஆபத்தும் இருந்தது.

1917-இல் ஃபெர்குசன் ஒரு கலப்பையைக் கொண்டுவந்தார். பெல்ஃபாஸ்ட் கலப்பை என்று பெயர். ஃபோர்டு மாடல் டி காரை டிராக்டராக மாற்றிய ஈரோஸ் என்ற வண்டிக்காகச் செய்தது. அதைப் பின்னால் இழுக்கவில்லை, வண்டியோடு சேர்த்தே மாட்டினார். ஓட்டுபவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே நெம்புகோலால் கலப்பையைத் தூக்கலாம். பாரத்தின் ஒரு பங்கைத் தாங்குவதற்கு ஒரு சமன் சுருள்வில், அதாவது ஸ்பிரிங்!

பார்த்தீர்களா? உங்கள் தோட்ட டிராக்டரில் மாட்டலாமா என்று கேட்கிறீர்களே, அந்த ஸ்பிரிங் 1917-லேயே வந்துவிட்டது.

இந்த இடத்தில் நம் ஊர் ஏற்றத்தை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். சால் கட்டிய முனைக்கு எதிர்முனையில் கல்லைக் கட்டுவார்கள், அல்லது ஆள் ஏறி மிதிப்பார். எகிப்தின் நைல் கரையில் ஷாடூஃப் என்ற பெயரில் இருப்பதும் இதே வேலைதான். பாரத்துக்கு எதிராக இன்னொரு பாரம். ஸ்பிரிங் அந்தக் கல்லின் வேலையைச் செய்கிறது, ஆனால் கல்லின் எடை வண்டிக்கு ஏறுவதில்லை. ஒரே ஒரு வித்தியாசம்: கல் எப்போதும் ஒரே அளவில் இழுக்கும். ஸ்பிரிங் நீளும்போது அதிகமாகவும் சுருங்கும்போது குறைவாகவும் இழுக்கும்.

ஏற்றத்தில் கல்லை எப்படித் தேர்ந்தெடுப்பார்கள் என்று யோசியுங்கள். கல் மிகப் பெரியதாக இருந்தால் வெறும் சாலைக் கிணற்றுக்குள் இறக்கவே முடியாது. சிறியதாக இருந்தால் நிறைந்த சால் மேலே வராது. ஃபெர்குசனுக்கும் இதே சிக்கல்தான். கலப்பை சுலபமாகத் தூக்கவும் வர வேண்டும், உழும்போது மண்ணில் இறங்கி நிற்கவும் வேண்டும். பாரம் முழுவதையும் ஸ்பிரிங்கே தாங்கிக்கொண்டால் கலப்பை மண்ணைக் கீறிக்கொண்டு மேலேயே ஓடும்.

அவர் அதோடு விடவில்லை. கலப்பையைத் தூக்கும் வேலையை எண்ணெய் அழுத்தத்துக்கு, அதாவது ஹைட்ராலிக்ஸுக்கு மாற்றினார். தூக்குவது மட்டுமல்ல, மண் எவ்வளவு எதிர்த்து இழுக்கிறது என்பதை மேல் இணைப்புத் தண்டு உணர்ந்து, ஆழத்தைத் தானே சரிசெய்யும்படி அமைத்தார். கலப்பையின் பாரமும் இழுவிசையும் டிராக்டரின் பின்சக்கரத்தை அழுத்தி அதற்குப் பிடிமானம் கொடுத்தன. இதற்குப் பல வருடங்கள் உழைத்தார். 1936-இல் ஃபெர்குசன்-பிரவுன் டிராக்டர் வந்தது. 1938-இல் ஹென்றி ஃபோர்டுடன் கைகுலுக்கி ஓர் ஒப்பந்தம், எழுத்தில் எதுவும் இல்லை. 1939 ஜூனில் ஃபோர்டு 9என் டிராக்டரை அறிமுகம் செய்தபோது, எட்டு வயதுப் பையன் ஒருவனை ஏற்றி உழ வைத்துக் காட்டினார்கள். பெரியவர்கள் மல்லுக்கட்டிய வேலை சிறுவன் கைக்குள் வந்துவிட்டது. எழுத்தில் இல்லாத ஒப்பந்தம் பிறகு நீதிமன்றம் வரை போய், 1952-இல் ஃபெர்குசனுக்கு 92.5 லட்சம் டாலர் கொடுத்து முடித்துக்கொண்டார்கள். இன்று நம் ஊர் டிராக்டரின் பின்னால் மூன்று இடத்தில் பொருத்துகிறோமே, அது அவர் வைத்துவிட்டுப் போனதுதான்.

இப்போது தோட்ட டிராக்டருக்கு வருவோம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க நகரங்களைச் சுற்றிப் புறநகர் வீடுகள் பெருகின. பெரிய புல்வெளி, நீண்ட வாசல். வீல் ஹார்ஸ் போன்ற கம்பெனிகள் சிறிய டிராக்டர் செய்தன. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரின் கப் கேடட் 1961-லும், ஜான் டீரின் 110 மாடல் 1963-லும் வந்தன. ஏழு எட்டுக் குதிரைத்திறன்தான். விலையைக் குறைக்க வேண்டுமே! அதனால் பெரிய டிராக்டரில் இருந்த ஹைட்ராலிக்ஸை விட்டுவிட்டு, பழைய கை நெம்புகோலுக்கே திரும்பினார்கள். ஃபெர்குசன் 1917-இல் நின்ற இடத்தில் வீட்டுக்காரர் 1960-களில் போய் நின்றார். பிற்பாடு விலை கூடிய மாடல்களில் ஹைட்ராலிக் தூக்கி வந்தது. ஆனால் கை நெம்புகோல் வண்டிகள் இன்றும் ஆயிரக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

புல்வெட்டியைத் தூக்க அந்த நெம்புகோல் போதும். அது வண்டியின் வயிற்றுக்கு அடியில் தொங்குகிறது. ஸ்னோபுளோயரோ அதைவிடக் கனம், அதுவும் முன்சக்கரத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கிறது. தூரம் கூடினால் பாரம் கூடும் என்று வகுப்பில் படித்தது இங்கே இடுப்பில் தெரிகிறது.

ஒரு கணக்குப் போடுவோம். புளோயரைத் தூக்க, முன்னால் 60 கிலோ விசை வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நெம்புகோல் மூன்று மடங்கு உதவினால் கைக்கு 20 கிலோ. முப்பது தடவை தூக்கினால் 600 கிலோ. அதுவும் குளிரில், உட்கார்ந்தபடி, ஒரே கையால். 40 கிலோவைத் தாங்கும் ஸ்பிரிங் மாட்டினால் மீதி 20 கிலோ. கைக்கு 7 கிலோவுக்கும் குறைவு. நெம்புகோலுக்குக் குழாயைச் செருகி நீட்டினாலும் கைச்சுமை குறையும், ஆனால் கை அதிக தூரம் போக வேண்டும், நெம்புகோலும் வளையும்.

அப்படியென்றால் 60 கிலோ ஸ்பிரிங்கே மாட்டிவிடலாமே என்று கேட்கத் தோன்றும். மாட்டினால் புளோயர் மிதக்கும். அடிவிளிம்பு தரையைச் சுரண்டாது. இறுகிய பனியின் மேல் ஏறி ஓடும். அடியில் மெல்லிய அடுக்கு விட்டுப்போகும், அது உறைந்து பனிக்கட்டியாகும், மறுநாள் அதில் வழுக்குவது நீங்களோ தபால்காரரோ. புளோயரை இறக்கினால் தன் பாரத்தாலேயே கீழே போய்த் தரையில் படிய வேண்டும். அதுதான் அளவு. கடையில் விற்கும் தூக்குதவி ஸ்பிரிங் ஆனாலும், பழைய கராஜ் கதவு ஸ்பிரிங்கை வைத்து வீட்டில் செய்தது ஆனாலும், இழுப்பைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகும் நட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பிரிங் நீளத்தைப் பொறுத்து இழுப்பு மாறுகிறதே, எல்லா உயரத்திலும் சமமாகத் தாங்க வைக்க முடியாதா? முடியும். பிரிட்டனில் கார் சஸ்பென்ஷன் பொறியாளராக இருந்த ஜார்ஜ் கார்வர்டைன் இதில் மூழ்கி, 1932-இல் காப்புரிமை பெற்றார். எங்கே நிறுத்தினாலும் அங்கேயே நிற்கும் ஆங்கிள்பாய்ஸ் மேசை விளக்கு அதிலிருந்து வந்ததுதான். ஆனால் புளோயருக்கு அந்த அளவு நேர்த்தி தேவையில்லை. கீழே இருக்கும்போது ஸ்பிரிங் அதிகம் நீண்டிருப்பதால், தூக்கத் தொடங்கும் இடத்தில்தான் அதிகம் உதவும். நமக்கு வேண்டியதும் அதுவே.

வாத்தியார் என்பதால் மூன்று எச்சரிக்கை.

ஒன்று: புளோயரைக் கழற்றும் முன் ஸ்பிரிங்கின் இழுப்பைத் தளர்த்திவிடுங்கள். பாரம் போனதும் நெம்புகோல் விருட்டென்று எழும்பி முகத்தில் அடிக்கும்.

இரண்டு: முன்னால் பாரம் தூக்கினால் பின்சக்கரத்தின் பிடிமானம் குறையும். பின்னால் எடைக்கட்டையும், சக்கரத்துக்குச் சங்கிலியும் போடுங்கள்.

மூன்று: பனி அடைத்துக்கொண்டால் எஞ்சினை நிறுத்திவிட்டு, கட்டையால் குத்தி எடுங்கள். கையை உள்ளே விடவே கூடாது.

கியூபெக்கில் 1981 முதல் 2014 வரையிலான மருத்துவமனைப் பதிவுகளையும் மரணப் பதிவுகளையும் ஆராய்ந்து 2017-இல் ஓர் ஆய்வு வெளியானது. கனத்த பனி பெய்த மறுநாள் ஆண்களிடம் மாரடைப்பு கூடுகிறது என்று அது சொன்னது. மண்வெட்டியால் பனி அள்ளுவது ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். என்னிடம் படித்த பலருக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. எனக்கு நீங்கள் இன்னும் அரை டிராயர் போட்ட பிள்ளைகள்தான், ஆனால் இதயத்துக்கு உங்கள் வயது தெரியும். முன்னூறு ரூபாயோ முப்பது டாலரோ, ஒரு ஸ்பிரிங்குக்குக் கணக்குப் பார்க்காதீர்கள்.

ஊரில் ஏற்றம் மிதித்த பெரியவர்கள் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், எதிர்முனைக் கல்லின் அளவை எப்படிப் பார்த்துக் கட்டினார்கள் என்று கேட்டுக் கீழே எழுதுங்கள். அவர்கள் சொல்வதை இப்போதே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.